பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்காத தாளம்

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு முகூர்த்த நாள், காலை நேரம். உத்தமபாளையத்திலிருந்து கோம்பைக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு மண்டபத்தில் காதுகுத்து விழா. பாடுவதற்காக என்னை அழைத்திருந்தார்கள். அன்று மேடையில் எனக்கு நேர்ந்ததை இதுவரை பலரிடம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும், நடந்தது எனக்கே முழுதாகப் புரியவில்லை என்பதுதான் மிஞ்சுகிறது. அதனால் பார்த்ததைப் பார்த்த வரிசையில் மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைப் பற்றி. ஒரு நாளிதழில், வரும் செய்திகளைச் சரிபார்த்துப் பக்கத்தில் ஏற்றும் வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான். இப்போது தேனியில் இருந்துகொண்டு கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்று பாடப் போகிறேன். ஒரு காலத்தில் நால்வர் குழுவாகப் போனோம். கீபோர்டு வாசித்தவர் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். டிரம் வாசித்தவர் வெளிநாடு போனார். கூடப் பாடியவர் கல்யாணமாகிக் கோவைக்குப் போனார். கடைசியில் கிடாரும் நானும் மிச்சம்.

கைகள் இரண்டும் கிடாரில் இருப்பதால் மற்ற வேலைகள் கால்களுக்கு வந்துவிட்டன. வலது காலுக்கு டிரம் மெஷின் பெடல். ஒருமுறை மிதித்தால் தாளம் தொடங்கும். ஓடும்போது மிதித்தால் ஒரு உருட்டு உருட்டிவிட்டுத் தொடரும். அடுத்தடுத்து இரண்டு முறை மிதித்தால் முடிப்பு அடித்து நின்றுவிடும். ஓடினால் பச்சை விளக்கு, நின்றால் சிவப்பு. இடது காலுக்கு இன்னொரு பெடல். அது, மைக் ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் டேப்லெட்டில் பாட்டு வரிகளின் பக்கத்தைத் திருப்பும். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாடுவேன். வலது பெடலில் உப்புத்தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். குனியாமலே எது எது என்று பாதத்துக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

அந்த வாரம்தான் புதிதாக ஒன்றைச் செய்திருந்தேன். ஒரு பாட்டின் பக்கத்தைத் திறந்ததும் அந்தப் பாட்டுக்குரிய தாளமும் வேகமும் தானாகவே டிரம் பெடலுக்குப் போய்ச் சேரும்படி, டேப்லெட்டையும் பெடலையும் வயர் இல்லாமல் இணைத்திருந்தேன். வீட்டில் சரியாக வேலை செய்தது. மேடையில் அதுதான் முதல் நாள்.

காலையில் கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது குழந்தையின் அம்மா மேடைக்கு வந்தார். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. புதிதாக மொட்டை அடித்த தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு விசயம். எங்கண்ணன் சீரோட வாராக. ரெண்டு வருசமா எங்க வீட்டு வாசல மிதிக்காதவுக. அவுக மேளம் வாசலுக்கு வந்ததும் நீங்க படக்குனு நிப்பாட்டிறணும்."

"நிப்பாட்டிறலாம்மா."

"லேசாச் சொல்லாதீகண்ணே. அவுக போட்ட நிபந்தனையே அது ஒண்ணுதான். எம்மேளம் வரையில உள்ள வேற சத்தம் கேக்கக் கூடாதுன்னுட்டாக. கேட்டா, எங்க வீட்டுக்காரவுக வேணும்னே போடச் சொன்னாகன்னு நெனச்சுக்கிட்டு வாசலோட திரும்பிருவாக. எங்கண்ணனப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது."

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். இங்கே மாமனுக்கும் மச்சானுக்கும் பொதுக் கிணற்றில் யார் மோட்டார் எப்போது ஓடுவது என்று தொடங்கிய சண்டை, பேச்சுவார்த்தையே இல்லாமல் போகும் அளவுக்கு முற்றியிருந்தது. இந்த விழாவுக்காகத் தங்கை பலமுறை நடந்து போய்க் கெஞ்சி அண்ணனைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

"எம்புள்ள மாமன் மடியில உக்காரணும்ணே. அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேடையிலிருந்து வாசல் தெரியாது. நடுவில் வரவேற்பு பிளெக்ஸ், அதைச் சுற்றி ஆட்கள். எனவே ஒலிபெருக்கி அமைத்தவர் வாசலில் நின்றுகொண்டு, சீர் வந்ததும் கையைத் தூக்குவதாக ஏற்பாடு. அவர் கம்பம் ஊர்க்காரர், கெட்டிக்காரர். "கையத் தூக்குனா கட் பண்ணிருங்க சார். மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். மண்டபத்துக்குள் நான்கு ஸ்பீக்கர் பெட்டி வைத்தவர், வாசலில் ஒன்றைச் சாலையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். அதை நான் கவனித்தேன். ஆனால் அதைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று அன்று பலமாக இருந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த ஜன்னல்களைச் சாத்தி, அவற்றின் மேல் அலங்காரத் துணியைக் கட்டியிருந்தார்கள். குழந்தையின் அப்பா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு நாட்டுப்புற மெட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். துள்ளலான தாளம். இரண்டாவது சரணத்தில் இருந்தபோது, பிளெக்ஸுக்கு மேலே ஒரு கை உயர்ந்தது.

வலது காலால் இரண்டு முறை மிதித்தேன். பெடல் முடிப்பு அடித்தது. கிடாரை நிறுத்தினேன். பாட்டை நிறுத்தினேன்.

தாளம் நிற்கவில்லை.

அதே தாளம். அதே வேகம். நான் விட்ட இடத்திலிருந்து ஒரு அடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் மங்கி, மேடைப் பலகைக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு. நின்றுவிட்டது என்கிறது விளக்கு. நிற்கவில்லை என்கிறது காது. நாளிதழில் இருந்தபோது, இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவது ஆளைக் கேட்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டேன். அன்று கேட்க நேரமில்லை. காதை நம்பினேன். மறுபடியும் மிதித்தேன்.

விளக்கு பச்சையானது. இப்போது தாளம் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்டது. தொடக்கத்தில் இரண்டு தாளங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதுபோல் ஒரு குழப்பம். பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதுதான் என்னை மொத்தமாகக் கவிழ்த்தது. வெளியே வேறு மேளம் அடித்தால் அது வேறாகக் கேட்க வேண்டுமே? இது என் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. அப்படியென்றால் கோளாறு என் தாளப் பெட்டியில்தான்.

வாசலில் ஒரு குரல் எழுந்தது. "ஏலே, எவன்டா அவன் உள்ள? மாமன் வாசல்ல நிக்கிறாக, நீ கச்சேரி நடத்துற?"

முன்வரிசையில் இருந்த ஒருவர் அதற்குப் பதில் கொடுத்தார். "ஏன், அவுக காதுல பஞ்ச வச்சுக்கிட்டு வரச் சொல்லு!" குழந்தையின் அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். அதட்டினாரா, சிரித்தாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை.

பிளெக்ஸ் அருகே கூட்டம் விலகியதில் வாசல் கொஞ்சம் தெரிந்தது. தட்டுகளை ஏந்திய பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரிய உருவம். அவர்தான் மாமன். அவர் ஒரு கையைத் தூக்கினார். பிறகு மண்டபத்துக்கு முதுகைக் காட்டிச் சாலைப் பக்கம் திரும்பினார். குழந்தையின் அம்மா மேடைப் படியில் நின்றபடி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இங்கே வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை.

என் புத்தி போன வழி இதுதான். டேப்லெட்டையும் பெடலையும் இந்த வாரம்தானே இணைத்தேன்? வரிப் பக்கம் திறந்திருக்கும்வரை அது தாளத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது போலும். பக்கத்தை மாற்றினால் நிற்கும். இடது காலால் திருப்பினேன். அடுத்த பாட்டு, ஒரு தாலாட்டு மெட்டு, திரையில் வந்தது. தாளம் மாறவில்லை. இன்னொரு முறை திருப்பினேன். பக்திப் பாட்டு. மாறவில்லை. ஓடும் தாளம் நின்ற பிறகுதான் புதியது ஏறும் என்பது பதற்றத்தில் மறந்துபோய், திருப்பிக்கொண்டே போனேன். என் கண்ணெதிரே நான் பாட வேண்டிய பாட்டுகளின் முதல் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஒன்றையும் வாசிக்கவில்லை. இதற்கிடையில் வலது காலும் சும்மா இல்லை. அது மிதிக்க, பெடல் ஒரு உருட்டு உருட்டியது; மறுபடி மிதிக்க, மறுபடி உருட்டியது. எங்கிருந்தோ அதற்குப் பதிலாக இன்னொரு உருட்டு வந்தது.

கடைசியில் குனிந்து, பெடலுக்குப் போகும் வயரைப் பிடித்துக்கொண்டே போய், பிளக்கைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

தாளம் ஓடிக்கொண்டிருந்தது.

கையில் பிளக்கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அந்த ஒரு கணத்தில் நான் பேய் பிசாசை நம்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பிளக்கைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் செய்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் சொன்னவர்கள் பலர். எனவே செய்திருக்கலாம்.

முன்வரிசைக்குப் பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "ஆத்தாடி, வயரப் புடுங்குன பெறகும் பெட்டி அடிக்குதுன்னு பாக்குறாரு பாருடி! யோவ், அது வெளிய அடிக்கிறாகய்யா!"

மண்டபமே சிரித்தது. மாமன் வீட்டார், மச்சான் வீட்டார் என்று வித்தியாசம் இல்லாத சிரிப்பு. எனக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பிளக்கோடு நின்றிருந்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவே தப்பும் உறுமியும் வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தன. என் தாளம் மேளக்காரர்களின் கழுத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. அவர்களுக்குப் பின்னால் தட்டுகள். தட்டுகளுக்குப் பின்னால், தங்கையின் கையைப் பிடித்தபடி, மாமன்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்தது. முதல் காதுக்கு அலறியது. இரண்டாவது காதுக்கு மாமனின் மீசையைப் பிடித்து இழுத்தது. மாமன் வலி பொறுத்துக்கொண்டு, எதிரே நின்ற மச்சானிடம் முதல் வார்த்தை பேசினார்: "புள்ளைக்கு ஒங்க குணந்தான்யா." மச்சான், "கை மட்டும் ஒங்க கையி" என்றார். அது போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

குழந்தையின் அம்மா ஒரு தாலாட்டு கேட்டிருந்தார். பெடல்கள் இரண்டையும் காலுக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்துவிட்டு, கிடாரை மட்டும் வைத்துப் பாடினேன். டேப்லெட் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்கவே பயமாக இருந்தது. மூன்றாவது சரணத்துக்கு வரி வரவில்லை. இரண்டாவதையே திரும்பப் பாடினேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பந்தியில் மேளக்காரர்கள் என் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் தலைவருக்கு முப்பது வயது இருக்கும். தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம், காதில் கடுக்கன், இலையில் மலைபோல் சோறு. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"என்ன சார், பெட்டி சரியாப் போச்சா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என்னைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். அந்தத் தாளம் எப்படி என் தாளத்தோடு இம்மி பிசகாமல் ஒட்டியது?

"ஒங்களுக்குத்தான சார் அடிச்சுக்கிட்டு வந்தோம்!" என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல். "வாசல்ல பாக்ஸத் திருப்பி வச்சுருந்தாகல்ல? சீர் கெளம்புன பிள்ளையார் கோயில்லயே ஒங்க பாட்டு கேட்டுச்சு. காத்து வேற அங்கிட்டு அடிச்சுச்சு. நல்ல பாட்டு. சரி, அதையே பிடிச்சுக்கிட்டுப் போவோம்டான்னு பயலுககிட்டச் சொன்னேன். நீங்க நிப்பாட்டுனீக. நாங்க விடல. திரும்ப ஆரம்பிச்சீக. ஓகோ, அண்ணே வம்புக்கு வாராகன்னு நாங்களும் ஏத்துனோம். நீங்க ஒரு உருட்டு விட்டீக, நாங்க ஒண்ணு விட்டோம். அப்புறம் பாத்தா வயரப் புடுங்கிக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீக!"

"நீங்க அடிச்சது எனக்குத் தெரியலப்பா. பெட்டிக் கோளாறுன்னு நெனச்சேன்."

"கோளாறா? நாங்களா?" அவர் பக்கத்தில் இருந்த உறுமிக்காரரைத் தட்டினார். "கேட்டுக்கடா, நம்ம அடி மிசின் மாதிரி இருக்காம். இனிமே ரேட்ட ஏத்திற வேண்டியதான்."

"மாமன் திரும்பிப் போகப் பாத்தாரே, அப்பவாவது நிப்பாட்டியிருக்கலாமே?" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "யாரு திரும்பிப் போனாக? அவுக எங்களப் பாக்கத்தான திரும்புனாக. கையத் தூக்கி, 'நல்லாருக்குடா, இன்னும் ரெண்டு சுத்து அடிச்சுட்டு உள்ள போவோம்'னாக."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சாமான்களைக் கட்டும்போது ஒலிபெருக்கிக்காரரிடம் விசாரித்தேன். வாசலில் நின்றவர் அவர்தானே? "இல்ல சார். அவுக கோவமாத்தான் திரும்புனாக. மண்டபத்துல சிரிப்புச் சத்தம் கேட்டு என்னன்னு எட்டிப் பாத்தாக. ஒங்களப் பாத்தாக. அவுகளும் சிரிச்சுட்டாக. அதோட சரி" என்றார். விடைபெறும்போது குழந்தையின் அம்மாவிடமும் கேட்டேன். அவர் சொன்னது மூன்றாவது. "நான் ஓடிப் போயி கையப் புடிச்சேண்ணே. அதுக்கப்புறம் எங்கண்ணன் எங்க போவாக?"

மூவரும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். மூவரும் பொய் சொல்லக் காரணம் இல்லாதவர்கள். நாளிதழில் என் மேசைக்கு இப்படி ஒரு செய்தி வந்திருந்தால் நிறுத்தி வைத்திருப்பேன். என் பிசகால் அந்தக் குழந்தைக்கு மாமன் மடி கிடைக்காமல் போகப் பார்த்ததா? என் பிசகால்தான் கிடைத்ததா? இல்லை, எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா? மாமனையே கேட்டிருக்கலாம். அவர் மச்சானோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் குழந்தை அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தது. அங்கே போய்க் கேள்வி கேட்க மனம் வரவில்லை.

மேளக்காரர்களோடு ஒரு பாட்டாவது சேர்ந்து பாட வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். அவர்கள் அடுத்த விசேஷத்துக்கு ராயப்பன்பட்டிக்குக் கிளம்பிவிட்டார்கள். மினி லாரி சாலைத் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த செம்பட்டைத் தலைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கையில் ஒரு வயரைப் பிடுங்குவதுபோல் பாவனை செய்து காட்டினார்.

டேப்லெட்டையும் பெடலையும் அன்றே துண்டித்துவிட்டேன், பாவம் அவற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றாலும். மற்றபடி நான் இன்னும் அதே பெடல்களோடுதான் போகிறேன், வேறு வழியில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை: கூட வாசிக்க ஆள் இல்லை என்றுதான் அந்தப் பெட்டியை வாங்கினேன். முன்பின் தெரியாத நான்கு பேர் சாலையிலிருந்தே என் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு வந்த நாளில், பெட்டி கெட்டுவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கினேன். இப்போதெல்லாம் மேடையில் தாளம் எங்கோ இடிப்பதாகத் தோன்றினால், காலை அசைப்பதற்கு முன் தலையை நிமிர்த்தி வாசலைப் பார்க்கிறேன். பெரும்பாலும் அங்கே யாரும் இருப்பதில்லை, ஆனாலும் பார்க்கிறேன்.